வார்ம் டிரைவும் வலது கையும்

பழைய ரம்பம் செத்த அன்று தலைவர் இரங்கல் கூட்டம் போடவில்லை என்பதுதான் குறை. மற்ற மரியாதையெல்லாம் நடந்தது. தேக்குப் பலகையில் பாதி தூரம் ஓடி, கரிந்த வாடையோடு நின்றுபோன அந்த வட்ட ரம்பத்தைக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிவந்தார். எதிரில் மைக் இருப்பதுபோலத் தொண்டையைச் செருமினார்.

“அத்தான், ஒரு சகாப்தம் முடிஞ்சுபோச்சு.”

“மோட்டார் எரிஞ்சுபோச்சு,” என்றார் ரசமட்டம்.

ரசமட்டம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. எந்த வேலையை முடித்தாலும் மட்டம் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயை மேலே வைத்து, உள்ளே இருக்கும் குமிழி நடுவுக்கு வரும்வரை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருப்பவர் என்பதால் தொழிலில் இருப்பவர்கள் வைத்த பெயர். சாப்பாட்டு மேஜையில் தட்டை வைத்தால்கூட ஒரு தடவை குனிந்து பார்ப்பார் என்று கேலி செய்வார்கள். அது பொய். இரண்டு தடவை பார்ப்பார்.

தலைவர் அவருடைய மனைவியின் தம்பி, பட்டறையில் சரிபாதிப் பங்காளி. மரவேலை செய்பவர்களின் சங்கம் ஒன்றுக்கு ஒரு காலத்தில் தலைவராக இருந்தார். உறுப்பினர்களைவிடப் பொறுப்பாளர்கள் அதிகமாகிவிட்டதால் சங்கம் சீக்கிரமே கலைந்தது. பதவி மட்டும் அவர்மேல் ஒட்டிக்கொண்டது, காய்ந்த வார்னிஷ் மாதிரி. பட்டறையில் வேலைப் பங்கீடு தெளிவானது. தலைவர் பேசுவார், ரசமட்டம் அறுப்பார். இந்த ஏற்பாட்டில் அதுவரை யாருக்கும் காயம்பட்டதில்லை.

“இனிமே நமக்கு வார்ம் டிரைவ்தான்,” என்றார் தலைவர். “ஜன்னல் சட்டம் பண்றவன் வச்சிருக்கிற மெஷினை வச்சுக்கிட்டு மூணு மாடிப் படிக்கட்டு பண்ண முடியுமா? நான் வீடியோ பார்த்துட்டேன். நனைஞ்ச மரத்தை அப்படியே வெண்ணெய் மாதிரி வழிச்சுட்டுப் போகுது.”

சாதாரண ரம்பத்தில் மோட்டார் பிளேடுக்குப் பக்கவாட்டில், இடுப்பில் தூக்கிய குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். வார்ம் டிரைவில் அது பின்னால் நீட்டிப் படுத்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் திருகு போலப் புரி வெட்டிய ஒரு பல்லிணைப்பு எண்ணெயில் ஊறியபடி, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வலுவைக் கூட்டிக்கொடுக்கும். முடிச்சு விழுந்த மரத்திலும் திணறாது. கனம் அதிகம். இதெல்லாம் ரசமட்டத்துக்குத் தெரியும். தலைவருக்குத் தெரியாத இன்னொன்றும் அவருக்குத் தெரியும்.

“சனிக்கிழமை கடைக்குப் போறோம். படிக்கட்டு கான்ட்ராக்டரும் வராரு.”

“மெஷின் வாங்க அவர் எதுக்கு?”

“நீங்க அறுக்கிறதைப் பார்க்கத்தான். எவனோ அவர்கிட்ட ஓதியிருக்கான், ரசமட்டத்துக்கு முன்ன மாதிரி ஓட்டம் இல்லைன்னு. படிக்கட்டு வேலையை வேற பட்டறைக்குக் கொடுக்கலாமான்னு யோசிக்கிறாராம். நான் விடுவேனா? கடை வாசல்லயே எங்க அத்தான் அறுத்துக் காட்டுவாரு, வந்து பாருங்கன்னு சவால் விட்டுட்டேன்.”

சவால் விட்டவர் மீசையைத் தடவிக்கொண்டார். அதை நிறைவேற்ற வேண்டியவர் தன் வலது கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அந்தக் கை மரத்துப்போய் மாதங்களாகிவிட்டன.

முதலில் காலையில் எழும்போது மட்டும் இருந்தது. உதறினால் சரியாகிவிடும். பிறகு உதறினாலும் சரியாகவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் யாரோ அவருக்கு இரவல் கொடுத்தவை மாதிரி ஆகிவிட்டன. இருக்கின்றன, மடங்குகின்றன, ஆனால் எதைத் தொட்டிருக்கின்றன என்று தகவல் சொல்வதில்லை. ஆணியை எடுத்தால் எடுத்தோமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரம்பத்தின் சுவிட்சை அழுத்தியிருக்கிறோமா விட்டுவிட்டோமா என்பதைச் சத்தத்தைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஆகவே அவர் இடது கைக்கு மாறினார். யாருக்கும் தெரியாமல். ஐம்பதைத் தொடப்போகிற வயதில், பட்டறையின் பின்மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, “தூசு பறக்கும், தள்ளி இருங்க,” என்று அதட்டிவிட்டு, உதவாத துண்டுகளில் கோடு போட்டு அறுத்து அறுத்துப் பழகினார். முதல் துண்டுகளைப் பார்த்தால் பாம்பு கடந்துபோன தடம் மாதிரி இருக்கும். போகப்போகக் கோடு நேரானது. ஓட்டம் மட்டும் பாதியாகக் குறைந்தது. எவனோ கான்ட்ராக்டரிடம் ஓதியதில் தப்பே இல்லை.

தலைவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். மனைவிக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது.

“இத்தனை வருஷமா சுத்தமா வந்த சட்டை இப்போ மாவு மில்லுல இருந்து வர்ற மாதிரி வருதே, என்ன விஷயம்?” என்று ஒருநாள் கேட்டாள். பழைய ரம்பத்தில் பிளேடு வலப்பக்கம். தூளும் வலப்பக்கம்தான் பீச்சும். வலது கையால் அறுப்பவன் மெஷினுக்கு இடப்பக்கம் நிற்பான், அவன்மேல் படாது. இடது கைக்காரன் வலப்பக்கம் நிற்க வேண்டும், மொத்தமும் அவன் மார்பில். இந்தக் கணக்கெல்லாம் அவளுக்குத் தெரியாது. சட்டை துவைப்பவள் அவள் என்பது மட்டும் போதுமானதாக இருந்தது.

அவள் ஒரு கிளினிக்கில் நோயாளிகளை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்பும் வேலையில் இருக்கிறாள். டாக்டர்களே அவளைக் கேட்டுத்தான் டீ குடிக்கப் போவார்கள். நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கியிருக்கிறது, சின்ன ஆபரேஷன், அப்புறம் சில மாதம் அந்தக் கைக்கு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். ‘சின்ன’ என்பதை மனைவி கேட்டுக்கொண்டாள். ‘சில மாதம்’ என்பதையும் ‘பெரும்பாலும்’ என்பதையும் ரசமட்டம் கேட்டுக்கொண்டார்.

ரம்பம் எரிந்துபோன மறுநாள் காலை, அவர் கண்ணாடி முன் நின்று வலது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“இடது கையாலயே போடுங்களேன். வீட்டுல யாருக்காக நடிக்கிறீங்க?”

“பழக்கம் விட்டுறக் கூடாது.”

“என் தம்பிகிட்ட சொன்னீங்களா?”

“சொல்றேன்.”

“அவன் ஏதோ வார்ம் டிரைவ்னு ஃபோன்ல ஒரே ஆட்டம். வார்ம்னா புழுதானே? புழு ஓட்டுற மெஷினுக்கா இவ்வளவு பேச்சு?”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. “அந்த மெஷின்ல பிளேடு இடது பக்கம். வலது கைக்காரனுக்கு சொர்க்கம் மாதிரி, கோடு கண்ணு முன்னாடியே தெரியும். நான் இடது கையில பிடிச்சேன்னா மெஷினோட உடம்பு நடுவுல வந்து கோட்டை மறைச்சுரும். எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்துதான் அறுக்கணும். அதுவும் அவ்வளவு கனத்தை வச்சுக்கிட்டு.”

“அப்போ சாதாரண மெஷின் போதும்னு சொல்லுங்க.”

“ஏன்னு கேப்பானே.”

அவள் அவருடைய பொத்தானைத் தானே போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தானில் கையை எடுக்காமல் சொன்னாள். “சனிக்கிழமைக்குள்ள நீங்க சொல்லணும். இல்லேன்னா கடைக்கு நானே வருவேன். அந்தக் கான்ட்ராக்டர் முன்னாடியே சொல்லுவேன். வேலை போனாப் போகட்டும். விரல் போச்சுன்னா எந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது?”

அவள் சொன்னால் செய்வாள். கல்யாணத்துக்கு முந்தைய நாளே அவருக்கு அது தெரிந்திருந்தது.

அந்த வாரம் முழுக்க ரசமட்டம் உண்மையைத் தவிர மற்ற எல்லாக் காரணங்களையும் சொல்லிப் பார்த்தார்.

“மச்சான், அது ரொம்பக் கனமா இருக்குமேடா.”

“கனம்தான் அத்தான் கௌரவம். லேசா இருக்கிற எதையாவது யாராவது மதிச்சிருக்காங்களா?” என்று தலைவர் தன் தொப்பையைத் தட்டிக்கொண்டார்.

“எண்ணெய் பார்த்துப் பார்த்து மாத்தணும்.”

“நான் எதுக்கு இருக்கேன்? நான் மாத்துறேன்.” பட்டறையில் பல்பு எரிந்துபோனால் மாற்ற ஆள் தேடி ஃபோன் போடுகிறவர் சொன்னார் இதை.

“சத்தம் அதிகம்னு சொல்றாங்க.”

“சத்தமில்லாம நடக்கிற எந்த வேலைக்கு அத்தான் மரியாதை?”

இதற்கு மேல் போனால் உண்மை ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை சாயங்காலம், எதிர்க்கடையில் டீ குடிக்கும்போது, அதையும் சொல்லிவிடுவது என்று துணிந்தார். கிளாஸை இடது கையில் பிடித்துக்கொண்டு, “மச்சான், ஒரு விஷயம். என் கை இருக்குல்ல—” என்று ஆரம்பித்தார். தலைவரின் ஃபோன் அடித்தது. கான்ட்ராக்டர்.

“வணக்கம் சார்! நாளைக்குத்தானே சார்! எங்க அத்தான் ரெடி சார்!” எதிர்ச் சாரியில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். “அவர் கை இருக்கே சார், அது கையில்ல சார், மெஷின்! மெஷினை விடுங்க, மெஷினுக்கே அவர்கிட்ட பயம் சார்!”

ஃபோனை வைத்துவிட்டு, “என்னமோ சொன்னீங்களே அத்தான், கையைப் பத்தி?”

“கை கழுவணும்னேன்,” என்றார் ரசமட்டம்.

சனிக்கிழமை காலை அவள் எதுவும் கேட்கவில்லை. “நான் ஃபோனைக் கையிலேயே வச்சிருக்கேன்,” என்று மட்டும் சொன்னாள். மிரட்டலா ஆறுதலா என்று வண்டியில் போகும்போது வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார். வலது கையை மடியில் வைத்து இடது கையால் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார். ஓட்டிக்கொண்டிருந்த தலைவர் அதைப் பார்த்தார்.

“துடிக்குது பாருங்க கை! நேரம் வந்துட்டா அப்படித்தான் அத்தான் துடிக்கும்.”

கருவிக் கடையின் பின்னால் ஒரு சிமென்ட் முற்றம். அங்கே இரண்டு ஸ்டாண்டுகளின்மேல் நீளமான பலகை ஒன்றைக் கிடத்தியிருந்தார்கள். விற்பனையாளர் கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு. மேல்பாதியைக் கம்பெனியும் கீழ்பாதியை அவரே சொந்தமாகவும் கவனித்துக்கொள்வதாகத் தோன்றியது. சாதாரண ரம்பம் ஒன்று, வார்ம் டிரைவ் ஒன்று என இரண்டையும் மேஜைமேல் வைத்திருந்தார். வார்ம் டிரைவுக்குக் கீழே மட்டும் சிவப்புத் துணி விரித்திருந்தது.

“இது வெறும் ரம்பம் இல்ல சார்,” என்றார். “இது ஒரு அனுபவம்.”

“நீங்க அறுத்துப் பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டார் ரசமட்டம்.

“நான் சேல்ஸ் சார்.”

கான்ட்ராக்டர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து சேர்ந்தார். அதை எங்கேயும் கழற்றாத மனிதர். மரத்தின் நிறத்தைக்கூட அதன் வழியாகப் பார்த்துத்தான் குறை சொல்வார். அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்ததும் கால்மேல் கால்.

“உங்களைப் பத்தி ரெண்டு விதமாக் காதுல விழுது,” என்றார். “உங்க மச்சான் சொல்றது ஒண்ணு. ஊர் சொல்றது ஒண்ணு. அதான் நேர்லயே பார்த்துடலாம்னு.”

“பாருங்க சார், பாருங்க,” என்றார் தலைவர், தானே அறுக்கப்போவது மாதிரி சட்டைக்கையை மடித்துக்கொண்டு.

விற்பனையாளர் வார்ம் டிரைவை நீட்டினார். ரசமட்டம் இரண்டு கைகளாலும் வாங்கினார். கனம் தோளில் இறங்கியது. இப்போது சொன்னால் என்ன? ‘எனக்கு இந்தக் கை செத்துப்போச்சு, இடது கையில்தான் அறுப்பேன், அதற்கு இந்த மெஷின் ஒத்துவராது.’ மூன்றே வாக்கியம். கான்ட்ராக்டர் எழுந்துபோவதும், படிக்கட்டு வேறு பட்டறைக்குப் போவதும், அதோடு ரசமட்டத்தின் கை அவ்வளவுதான் என்ற பேச்சு எல்லாப் பட்டறைக்கும் போவதும் கண்ணுக்குள் வரிசையாக ஓடின. ஒரே ஒரு கோடு. ஒரே ஒரு தடவை வலது கையால் ஒப்பேற்றிவிட்டால் போதும். மெஷினை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

விற்பனையாளர் அவர் காதுகளில் சத்தம் புகாத கவசத்தை மாட்டினார். “சேஃப்டி சார்,” என்று வாயசைவது தெரிந்தது. அதே சேஃப்டிக்காரர், பிளேடு சுழல்வது கான்ட்ராக்டருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, அடிப்பக்க மூடியை மேலே தள்ளி ஒரு மரச்சில்லைச் செருகி நிறுத்தியிருந்தார். அறுத்து முடித்ததும் தானாக வந்து பிளேடை மூட வேண்டிய மூடி அது. இன்னொரு நாளாயிருந்தால் ரசமட்டம் பார்த்த மாத்திரத்தில் அதைப் பிடுங்கி எறிந்திருப்பார். தட்டை வைத்தால் இரண்டு தடவை குனிந்து பார்க்கிற மனிதர், அன்று குனிந்து பார்க்கவே இல்லை. அவருடைய கவலை முழுவதும் கையின்மேல் இருந்தது.

சுவிட்சை அழுத்தினார். பலகைமேல் வைத்தார்.

அந்த மெஷின் நன்றாகத்தான் இருந்தது என்பதுதான் கொடுமை. பென்சில் கோடு கண்ணுக்கு நேரே, தடையில்லாமல், நீளமாகக் கிடந்தது. பிளேடு அதைப் பிடித்துக்கொண்டு, அவசரமும் இல்லாமல் திணறலும் இல்லாமல், தன் கனத்தாலேயே இறங்கி நடந்தது. தலைவர் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லியிருந்தார். இந்தக் கை நன்றாக இருந்த காலத்தில் இது கிடைத்திருந்தால் என்று அவர் நினைத்த அதே நேரம் கோடு முடிந்தது. துண்டு கீழே விழுந்தது. கான்ட்ராக்டர் தலையாட்டுவது ஓரக்கண்ணில் பட்டது.

ரசமட்டம் விரலை எடுத்தார். எடுத்ததாக நினைத்தார். காதில் சத்தம் இல்லை, கையில் உணர்வும் இல்லை. சுவிட்ச் இன்னும் அழுந்தியிருக்கிறது என்று அவருக்குச் சொல்ல அந்த முற்றத்தில் எதுவுமே இல்லை. பழைய பழக்கத்தில் மெஷினை வலது தொடைப் பக்கமாகத் தொங்கவிட்டார்.

தலைவரின் வாய் பெரிதாகத் திறப்பதைப் பார்த்தார். வழக்கமாகத் திறப்பதுதானே என்று நினைத்தார். அப்புறம் அவர் ஓடுவதைப் பார்த்தார். தொப்பை குலுங்க, கான்ட்ராக்டர் துள்ளி எழுந்த நாற்காலியைத் தட்டிவிட்டுக்கொண்டு, சுவரோரம் பாய்ந்து, ஒயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, பிளக்கோடு சேர்ந்து மல்லாக்க விழுவதைப் பார்த்தார். தொடையில் காற்று பட்டதுபோல் இருந்தது. குனிந்தார். பேன்ட் துணி முழங்காலுக்கு மேலே நீளமாகக் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, மெதுவாக, மெதுவாக, ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரியும்வரை.

கவசத்தைக் கழற்றினார்.

“ரத்தம் இருக்கா?” என்று தரையிலிருந்து தலைவர் கேட்டார். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

தொடையைத் தொட்டுப் பார்த்தார், இடது கையால். “இல்ல.”

“ஏன் அத்தான் சுவிட்சை விடல?”

“விட்டுட்டேன்னு நினைச்சேன்.”

“நினைச்சீங்களா?”

“இந்தக் கைக்குத் தெரியாது மச்சான். ரொம்ப நாளாவே எதுவும் தெரியறதில்ல. நான் இடது கையிலதான் அறுத்துட்டு இருக்கேன்.”

சொல்லியாகிவிட்டது. மூன்று வாக்கியம்கூட ஆகவில்லை. சாய்ந்துகொள்ளச் சுவரைத் தேடினார். விற்பனையாளர் சத்தமில்லாமல் முன்னால் வந்து மூடியிலிருந்த மரச்சில்லை உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார், அது அங்கே இருந்ததே இல்லை என்பதுபோல.

கான்ட்ராக்டர் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அவர் சாதாரணமான, கொஞ்சம் பயந்துபோன ஆளாக இருந்தார்.

“அப்போ என் படிக்கட்டை எந்தக் கை அறுக்கப் போகுது?”

தலைவர் வாயைத் திறந்தார். ரசமட்டம் கையை உயர்த்தித் தடுத்தார். “இடது கை சார். இதோ, அந்த மெஷினை எடுங்க. துணி போடாததை.”

சாதாரண ரம்பத்தை இடது கையில் வாங்கினார். மூடியைத் தள்ளி, விட்டு, அது தானாகத் திரும்புகிறதா என்று குனிந்து பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார். கவசத்தை மறுத்தார். புதிதாக ஒரு கோடு போட்டு, வலப்பக்கம் நின்று, அறுக்க ஆரம்பித்தார். பாதியில் ஒருமுறை நிறுத்தி மூச்சுவிட்டார். தூள் முழுக்க மார்பிலும் தாடையிலும் அப்பியது. கான்ட்ராக்டரின் ஃபோன் அடித்தது, அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்து ஓய்ந்த பிறகுதான் துண்டு கீழே விழுந்தது.

கான்ட்ராக்டர் குனிந்து இரண்டு வெட்டுகளையும் பார்த்தார். “நேராத்தானே இருக்கு?”

ரசமட்டம் இடது கட்டைவிரலை வெட்டின்மேல் ஓட்டினார். “நிறுத்தின இடத்துல கோட்டுக்கு வெளிய அரை நூல் அளவு ஓடியிருக்கு. இழைச்சா சரியாயிரும்.”

“எனக்குத் தெரியலையே.”

“தெரியாதுதான் சார். படிக்கட்டு ஏறுறப்போ தெரியும்.”

“நேரம் ரொம்ப ஆகுது.”

“ஆகும்.”

கான்ட்ராக்டர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். உடனே பழைய ஆளாகிவிட்டார். “முதல் மாடி மட்டும் செய்யுங்க. பார்க்கிறேன். மேல ரெண்டையும் இப்போதைக்கு நான் யாருக்கும் சொல்லல.” நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவர் போன பிறகும் தெரியவில்லை.

“எதை சார் பேக் பண்ணட்டும்?” என்றார் விற்பனையாளர். “அனுபவமா, இல்ல...”

“எங்க அத்தான் கைக்கு எது சரியோ அது,” என்றார் தலைவர். சிவப்புத் துணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது வழியெல்லாம் நெரிசல். புது ரம்பம் பெட்டியோடு பின்சீட்டில் இருந்தது. தலைவர் வெகு நேரம் பேசவில்லை. ரசமட்டத்துக்கு அதுவே புதுப் பயமாக இருந்தது. ஆபரேஷன், ஓய்வு, முதல் மாடி, மேல் இரண்டு மாடி என்று மனசுக்குள் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தார். எப்படி அடுக்கினாலும் ஒரு பக்கம் சாய்ந்தது. கடைசியில் தலைவர் தெருவைப் பார்த்தபடியே கேட்டார்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எனக்கு மட்டும்தான் தெரியாதா?”

“நீ பேசிட்டிருந்தியே மச்சான். நடுவுல எப்படிச் சொல்றது?”

முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. தலைவரும் நிறுத்தினார். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, ரசமட்டத்தின் வலது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“வலிக்குதா அத்தான்?”

“வலிச்சா எவ்வளவோ தேவலை.”

தலைவர் கட்டைவிரலின் நுனியை நகத்தால் அழுத்தினார். “இது?”

“ம்ஹூம்.”

“இது?”

“இல்ல.”

“இது?”

“இல்லடா.”

மோதிர விரலுக்கு வந்தார். கொஞ்சம் பலமாகவே அழுத்தினார். “இது?”

“பாதி தெரியுது. இந்தப் பக்கம் மட்டும்.”

“எந்தப் பக்கம்?”

“சுண்டுவிரல் பக்கம்.”

பச்சை விளக்கு விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறத் தொடங்கின. யாரோ தலையை வெளியே நீட்டித் தலைவரின் குடும்பத்தையே இழுத்து வைத்துத் திட்டினான். அழுத்தியது போதாதோ என்னவோ என்று, தலைவர் மறுபடியும் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தார்.